நத்தையைத் தின்னும் நத்தை

நத்தை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது, முதுகில் ஓட்டைச் சுமந்துகொண்டு, ஈரமான இலைகளைக் கறித்தவாறு மெல்ல ஊர்ந்து செல்லும் ஒரு சாதுவான பிராணியே. ஆயினும், நிலத்தில் வாழும் நத்தைக் குலத்தில் ஊன் தின்று உயிர் வாழும் வேட்டைக்காரர்களும் உண்டு. காட்டுத் தரையில் உதிர்ந்து கிடக்கும் சருகுகளின் அடியில், மனிதக் கண்ணுக்குப் புலப்படாத வகையில், இவை தம்மினும் சிறிய நத்தைகளைத் துரத்திப் பிடித்து உண்கின்றன. இவ்வகை நத்தையொன்றைப் பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு மனிதன் கடல் கடந்து கொண்டு சென்றான். அதன் விளைவாக உலகத்திலிருந்தே பல உயிரினங்கள் மறைந்தொழிந்தன. அவ்வரலாறு நம் நாட்டுக்கு எவ்வகையில் பாடமாகின்றது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சருகுக்குள் நிகழும் வேட்டை

யூக்ளாண்டினா ரோசியா என்பது இந்நத்தையின் விஞ்ஞானப் பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்குப் பகுதி, சிறப்பாக புளோரிடா மாகாணம், இதன் தாயகம். அங்குள்ள அகன்ற இலை மரக் காடுகளில், மட்கும் சருகுகளுக்கிடையே இது வாழ்கின்றது. இதன் ஓடு கதிர் போல் நீண்டு இருபுறமும் குறுகியது. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறமுடையது. நன்கு வளர்ந்த நத்தையின் ஓடு 7 சென்டிமீட்டருக்கு மேலும் நீளும்.

இலை தின்னும் நத்தைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை இதன் முகத்திலேயே காணலாம். வாயின் இரு பக்கங்களிலும் மீசை போன்ற உதட்டு நீட்சிகள் இரண்டு அமைந்துள்ளன. இவை தரையைத் தடவியவாறே செல்லும். நத்தைகள் ஊரும்போது விட்டுச் செல்லும் சளித் தடத்தை இம்மீசை உறுப்புகள் கண்டுகொள்கின்றன. தடம் கிட்டியதும் வேட்டை நத்தை அதனைப் பற்றிக்கொண்டு, மோப்பம் பிடிக்கும் நாயைப் போல, இரையின் பின்னே செல்லுகின்றது. பிற நத்தைகளைக் காட்டிலும் இரண்டு அல்லது மூன்று மடங்கு விரைவாக ஊர வல்லதாகையால், துரத்தப்பட்ட இரை தப்புவது அரிது. இரை சிறிதாயின் ஓட்டோடு விழுங்கிவிடும். பெரிதாயின் ஓட்டின் வாய்க்குள் தன் தலையை நுழைத்து, அரிவாள் போல் வளைந்த பற்கள் நிறைந்த நாவினால் தசையைப் பிய்த்து உண்ணும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளும் பிறந்த நாள் முதலே வேட்டையைத் தொடங்கிவிடுகின்றன.

இந்நத்தை மரம் ஏறும். ஹவாய்த் தீவுகளில் இது நீருக்குள் இறங்கி நன்னீர் நத்தைகளையும் உண்பதாக ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர். தன் தாயகத்தில் இது எவ்விதத் தீங்கும் செய்வதில்லை. அங்கே இதற்கு இரையாகும் நத்தைகள் இதனோடு நெடுங்காலமாகக் கூடி வாழ்ந்து, தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளையும், இழப்பை ஈடு செய்யும் வண்ணம் மிகுதியாக இனம் பெருக்கும் ஆற்றலையும் பெற்றுள்ளன. புளோரிடாவின் சருகுக் காட்டில் இது இயற்கையின் சமநிலையைக் காக்கும் ஓர் உறுப்பு என்றே கூற வேண்டும்.

ஒரு தொல்லையிலிருந்து மற்றொரு தொல்லை

இந்நத்தை கடல் கடந்ததற்குக் காரணம் மற்றொரு நத்தையே. கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஆப்பிரிக்க ராட்சத நத்தை உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில் பரவி உழவரை வாட்டி வருகின்றது. ஓரிணை நத்தைகூட வேண்டுவதில்லை. ஒவ்வொரு நத்தையும் ஆண் பெண் என்னும் இருபால் உறுப்புகளையும் உடையதாகையால், கருவுற்ற ஒரே நத்தை ஒரு புதிய நாட்டில் ஒரு பெருங்கூட்டத்தைத் தோற்றுவிக்க வல்லது. ஒரு தடவைக்கு 200 முட்டைகள் வரையிலும், ஓராண்டில் பல தடவைகளும் இது இடும். காய்கறி, வாழை, பப்பாளி, நாற்றங்கால் எனப் பல நூறு வகைப் பயிர்களை இது தின்னுகின்றது. மூளை உறைக்கு அழற்சியை உண்டாக்கும் எலி நுரையீரல் புழுவையும் இது சுமந்து திரிகின்றது.

இந்தியாவுக்கு இது வந்த வரலாறு நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. வங்காளத்தில் ஆங்கில அரசாங்கத்தின் உத்தியோகத்திலிருந்த வில்லியம் பென்சன் என்பவர் நத்தைகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டவர். அவர் 1847-ஆம் ஆண்டில் மொரீஷியஸ் தீவிலிருந்து உயிருள்ள ஆப்பிரிக்க நத்தைகளைக் கொண்டுவந்து, கல்கத்தாவின் சௌரிங்கிப் பகுதித் தோட்டத்தில் விட்டார். அவர் தீங்கு கருதிச் செய்யவில்லை. நம் நாட்டு நத்தைகள் பலவற்றுக்கு முதன்முதலாகப் பெயர் சூட்டிய அறிஞர் அவர். அறிஞர் ஒருவரின் ஆர்வமே ஒரு நாட்டுக்கு நூற்றாண்டுக் கணக்கான தொல்லையாக மாறக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அந்தமான் தீவுகளைக் கைப்பற்றியிருந்த ஜப்பானியர் வாயிலாக இந்நத்தை அத்தீவுகளுக்கும் சென்றது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முதல் கேரளத்தின் பல பகுதிகளில் இது திரளாகத் தோன்றித் தோட்டங்களையும் வீட்டுச் சுவர்களையும் மொய்த்து வருகின்றது.

இத்தகைய தொல்லையால் நெருக்குண்ட அரசாங்கங்கள், நத்தையைக் கொல்ல நத்தையையே ஏவலாம் என்னும் யோசனையை வரவேற்றதில் வியப்பில்லை. 1955-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் யூக்ளாண்டினா விடப்பட்டது. பின்னர் மொரீஷியஸ் உட்படப் பல தீவுகளுக்கு அது சென்றது. பசிபிக் பெருங்கடலிலுள்ள தாகித்தித் தீவில் ஆப்பிரிக்க நத்தை 1967-இல் தோன்றியது. 1974-இல் வேட்டை நத்தை கொண்டுவரப்பட்டது. அண்டைத் தீவாகிய மூரியாவில் 1977-இல் அதனை விட்டனர்.

மூரியாவில் நிகழ்ந்தது

மூரியாத் தீவின் மரங்களில் பார்ட்டுலா என்னும் சிறு நத்தைகள் வாழ்ந்து வந்தன. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள இவை ஏழு இனங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓட்டின் நிறத்திலும் கோடுகளிலும் சுருளின் திசையிலும் வேறுபட்டிருந்தன. ஒரு மூல இனம் பல இனங்களாகக் கிளைப்பது எவ்வாறு என்னும் பரிணாமத்தின் பெரும் வினாவுக்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த ஆராய்ச்சிக்கூடம் அத்தீவு. ஹென்றி கிராம்ப்டன் என்னும் அமெரிக்க அறிஞர் இந்நத்தைகளை ஆராய்ந்து 1916, 1925, 1932 ஆகிய ஆண்டுகளில் பெருநூல்களை வெளியிட்டார். அவருக்குப் பின் பிரையன் கிளார்க், ஜேம்ஸ் மரே முதலியோர் அப்பணியைப் பல்லாண்டு தொடர்ந்தனர்.

பார்ட்டுலா முட்டையிடுவதில்லை, சில வாரங்களுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டியை ஈனும். வேட்டையாடும் நத்தையை அது கண்டதே இல்லை. எனவே, யூக்ளாண்டினா ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் தீவினுள் முன்னேறியபோது, அது கடந்த இடமெல்லாம் பார்ட்டுலா இல்லாமற் போயிற்று. 1984-இல் கிளார்க்கும் அவர் தோழர்களும் இவ்வழிவை உலகுக்கு அறிவித்தனர். 1987-க்குள், அதாவது வேட்டை நத்தையை விட்ட பத்தே ஆண்டுகளில், மூரியாவின் காட்டில் ஏழு இனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூரியாவும் தாகித்தியும் அடங்கிய சொசைட்டித் தீவுகள் முழுவதையும் கணக்கிட்டால், 61 இனங்களாக இருந்த பார்ட்டுலா நத்தைகளுள் ஐந்து இனங்களே காட்டில் எஞ்சின என்று 2003-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகின்றது. இந்நத்தை ஓடுகளைக் கோத்து மாலை செய்து வந்த தீவுப் பெண்டிரின் கைத்தொழிலும் உடன் நலிந்தது.

ஹவாயிலும் இதே நிலை. ஓவாகூத் தீவில் அக்காட்டினெல்லா என்னும் பேரினத்தைச் சேர்ந்த 41 வகை மர நத்தைகள் இருந்தன. இவை பருவமடையவே சில ஆண்டுகள் ஆகும். ஈனும் குட்டிகளோ மிகச் சில. ஓடு சேகரிப்போரும், எலிகளும், காடழிப்பும் முன்னரே இவற்றைக் குறைத்திருந்தன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியை வேட்டை நத்தை முடித்தது. 1981-இல் அப்பேரினம் முழுவதும் அழிவின் விளிம்பிலுள்ளதாக அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. அக்காட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்னும் இனத்தின் கடைசி நத்தை, 'ஜார்ஜ்' என்று பெயரிட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்க்கப்பட்டு வந்தது. அது 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று இறந்தது. அதனோடு அவ்வினமும் முடிவுற்றது.

எண்ணிய காரியமாவது கைகூடியதா?

இவ்வளவு இழப்புக்கும் ஈடாக ஆப்பிரிக்க நத்தையாவது ஒழிந்ததா என்று வாசகர்கள் வினவலாம். ஒழியவில்லை என்பதே விடை. இதற்குக் காரணம் எளிது. முற்றிய ஆப்பிரிக்க நத்தை வேட்டை நத்தையைவிடப் பருத்தது. வேட்டை நத்தையோ சிறு இரையையே விரும்புவது. தன்னைவிடப் பெரிய பகையோடு போராடுவதைக் காட்டிலும், ஒரே வாயில் விழுங்கத்தக்க உள்நாட்டு நத்தைகளை நாடுவது அதற்கு இயல்பே அன்றோ? காட்டுக்குள் அவை மலிந்து கிடக்கையில், வெயில் காயும் தோட்டத்தில் தங்கி நமக்காக உழைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

சில தீவுகளில் வேட்டை நத்தையை விட்ட பிறகு ஆப்பிரிக்க நத்தை குறைந்தது உண்மையே. இதனைச் சான்றாகக் காட்டி அத்திட்டம் வெற்றி பெற்றதாகப் பலர் பேசினர். ஆனால், ஆப்பிரிக்க நத்தை ஓரிடத்திற் புகுந்தவுடன் வெள்ளம் போற் பெருகுவதும், சில பல ஆண்டுகளுக்குப் பின் தானாகவே குன்றுவதும், வேட்டை நத்தை செல்லாத இடங்களிலும் காணப்படும் நிகழ்ச்சி. ஆப்பிரிக்க நத்தையைப் பற்றி 1961-இல் பெருநூல் எழுதிய ஆல்பர்ட் மீட் என்னும் அறிஞர், நோய் காரணமாகவும் அது குன்றலாம் என்று பின்னர் எடுத்துக்காட்டினார். மழை பெய்து ஓய்ந்ததும் குடை பிடித்தவன், மழையை நிறுத்தியது என் குடையே என்று கூறுவது போன்றது அவ்வெற்றிப் பேச்சு. ஒரு மருந்து பயன் தந்ததா என்று அறிய வேண்டுமாயின், அம்மருந்து உட்கொள்ளாதவரின் நிலையையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். விஞ்ஞானத்தின் இந்த முதற் பாடமே அங்கே கைவிடப்பட்டது.

எச்சரித்தவர் எவரும் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஹென்றி வான் டெர் ஷாலி என்னும் அமெரிக்க நத்தையியலார், ஹவாயில் நடைபெறுவது இயற்கையில் மனிதன் செய்யும் வீண் தலையீடு என்று 1969-ஆம் ஆண்டிலேயே கண்டித்து எழுதினார். தாகித்தியில் வேட்டை நத்தை விடப்பட்டது அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் என்பதை நாம் கருதுதல் வேண்டும். அறிவு இல்லாமையால் அன்று. இருந்த அறிவு முடிவு செய்வோரின் மேசையைச் சென்றடையாமையாலேயே அவ்வழிவு நேர்ந்தது.

மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. ஹவாய்க்குக் கொண்டுவந்து விடப்பட்டது ஓர் இனம் என்றே அறுபது ஆண்டுகளாக எல்லோரும் எண்ணியிருந்தனர். 2017-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி, அங்குள்ளவை குறைந்தது இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று காட்டியது. தாம் கையில் எடுத்து விட்டது எந்தப் பிராணி என்பதையே விட்டவர்கள் அறிந்திருக்கவில்லை!

எல்லா உயிரியல் கட்டுப்பாடும் தீதோ?

இவ்வரலாற்றைக் கொண்டு, ஓர் உயிரைக் கொண்டு மற்றோர் உயிரைக் கட்டுப்படுத்தும் முறை முழுவதையும் பழிப்பது பெருந்தவறாகும். அம்முறை நம் நாட்டுக்கு அளித்துள்ள நன்மைகள் மறுக்க முடியாதவை. ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சென்று எலுமிச்சைக் குலத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த ஒருவகைப் பஞ்சுச் செதிற்பூச்சியை, ரோடோலியா என்னும் பொறிவண்டு 1889-ஆம் ஆண்டளவில் அடக்கியது. அதே பூச்சி 1928-இல் நீலகிரியில் தோன்றியபோது, அதே பொறிவண்டு வரவழைக்கப்பட்டு அங்கும் அதனை அடக்கியது.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளி மட்டுமின்றி மரவள்ளி, மல்பெரி முதலிய பயிர்களும் வெண்பஞ்சு போர்த்தினாற் போல் பாழாயின. பெங்களூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார், இம்மாவுப்பூச்சியை மட்டுமே தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து, தனிமைக் கூடத்தில் சோதித்து, பின்னர் வயல்களில் விட்டனர். குறுகிய காலத்தில் மாவுப்பூச்சியின் ஆதிக்கம் தளர்ந்தது. உழவர்கள் நச்சு மருந்துக்குச் செலவிட வேண்டிய பொருள் மிஞ்சியது.

இவ்விரண்டு வகைக்கும் உள்ள வேற்றுமை யாது? குளவிக்கு மாவுப்பூச்சியின் உடலே கருவறை. அது இல்லையேல் குளவியும் இல்லை. பகை குறையும்போது குளவியும் தானே குறையும். வேட்டை நத்தையோ அகப்பட்ட நத்தையை எல்லாம் உண்ணும். பகை குறைந்தால் அது பட்டினி கிடப்பதில்லை. அடுத்த இனத்தை நாடும். அதுவும் தீர்ந்தால் அதற்கடுத்ததை நாடும். அரிய இனம் ஒன்று கடைசி நத்தை வரை தேய்ந்தாலும், வேறு இரையை உண்டு அது பெருகிக்கொண்டே இருக்கும். ஆகவே, ஓர் உயிரைக் கட்டுப்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'இது எதைத் தின்னும்?' என்பதன்று, 'இது எதைத் தின்னாது?' என்பதே.

நம் சருகுக் காடுகளின் செல்வம்

தீவுகளில் நிகழ்ந்தது பரந்த நிலப்பரப்பாகிய நம் நாட்டுக்குப் பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். நத்தைக்குத் தீவு என்பது கடல் சூழ்ந்த நிலம் மட்டும் அன்று. ஈரம் காக்கும் ஒரு சோலைக் காடு, அதனைச் சூழ்ந்து வெயில் காயும் புல்வெளி. சோலையில் வாழும் சிறு நத்தைக்கு அப்புல்வெளி கடலுக்கு நிகர். ஆகவேதான் மேற்குத் தொடர்ச்சி மலையில் அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 270 நில நத்தை இனங்களுள், நான்கில் மூன்று பங்கு உலகில் வேறெங்கும் இல்லாதவையாக உள்ளன. நாடு முழுவதும் கணக்கிட்டால் நில நத்தை இனங்கள் ஆயிரத்துக்கும் மேற்படும்.

இவற்றுள் நம் நாட்டுக்கே உரிய வேட்டை நத்தைகளும் உண்டு. ஸ்ட்ரெப்டாக்சிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மாகாணங்களின் காடுகளிலும் சருகுக்கடியில் வாழ்கின்றன. பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டர் அளவினும் சிறியவை. ஓட்டின் வாயில் பற்கள் போன்ற தடிப்புகள் இருக்கும். சிலவற்றின் உடல் மஞ்சள், செம்மஞ்சள் முதலிய ஒளிமிக்க நிறங்களில் அமைந்திருக்கும். ஹட்டோனெல்லா பைகலர் என்னும் நத்தையை, வங்காளப் படையில் பணியாற்றிய தாமஸ் ஹட்டன் 1834-இல் விவரித்தார். ஏழு மில்லிமீட்டர் அளவேயுள்ள இது, பூந்தொட்டிகளின் மண்ணோடு பயணம் செய்து இன்று உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில் குடியேறியுள்ளது. ஆயினும் இக்குடும்பத்து இனங்களுட் பலவற்றைப் பற்றி ஓட்டின் வடிவத்துக்கு மேல் ஒன்றும் எழுதப்படவில்லை. அவை எதை உண்கின்றன, எப்போது இனம் பெருக்குகின்றன, எத்தனை ஆண்டு வாழ்கின்றன என்பன இனி ஆராயப்பட வேண்டியவை. இவற்றைப் பற்றிய அடிப்படைப் பெருநூல் 1908-இல் வெளிவந்தது என்றால் நிலைமையை உணரலாம்.

சிறு நத்தைகளால் யாது பயன் என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. நெதர்லாந்து நாட்டில், அமில மழையால் காட்டு மண்ணில் சுண்ணாம்புச் சத்துக் குன்றியது. அதனால் நத்தைகள் குறைந்தன. நத்தை ஓடுகளைத் தின்று முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைப் பெற்று வந்த சிறு பறவைகள், மெல்லிய ஓடுடைய முட்டைகளை இட்டன. சில ஓடே இல்லாத முட்டைகளை இட்டன. 1994-இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி, சருகுக்கடியில் உள்ள நத்தைக்கும் மரக்கிளையில் உள்ள கூட்டுக்கும் இடையேயுள்ள தொடர்பை ஐயமற நிலைநாட்டியது. காட்டின் உரம், சுண்ணாம்பு, பறவைகளின் உணவு ஆகிய யாவும் இச்சிறு உயிர்கள் வாயிலாகவே சுழல்கின்றன.

செய்ய வேண்டுவன

ஆப்பிரிக்க நத்தை ஒரு வட்டாரத்தில் திரளாகத் தோன்றும்போதெல்லாம், வெளிநாட்டு வேட்டைப் பிராணி ஒன்றை வரவழைத்தால் என்ன என்னும் பேச்சு எழுதல் இயல்பு. உழவரின் துன்பத்தைக் கண்டு எழும் பேச்சாகையால் அதனை எள்ளுவது முறையன்று. ஆயினும் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் செயலாக அது முடிந்துவிடக் கூடாது. ஆகவே, நான்கு கருத்துக்களை இங்கு வற்புறுத்த விரும்புகின்றோம்.

முதலாவது, பலவகை இரையைத் தின்னும் நத்தை, தட்டைப்புழு முதலிய வேட்டைப் பிராணிகளை எக்காரணம் கொண்டும் புதிய இடங்களில் விடலாகாது என்பது நாட்டின் தெளிவான கொள்கையாதல் வேண்டும். வெளிநாட்டு உயிர்களை இறக்குமதி செய்வதை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை ஒழுங்குபடுத்துகின்றது. உயிரியல் கட்டுப்பாட்டுக்கெனச் சர்வதேச விதிமுறையும் 1996-இல் வெளியிடப்பட்டு 2005-இல் திருத்தப்பட்டுள்ளது. இவ்விதிகள் சிறந்தவையே. ஆனால் அந்நிய நாட்டிலிருந்து வருவதை மட்டும் தடுத்தாற் போதாது. நம் நாட்டின் ஒரு பகுதியில் உள்ள வேட்டைப் பிராணியை அது இயல்பாக இல்லாத மற்றொரு பகுதிக்கு, சிறப்பாகத் தீவுகளுக்கும் மலைச் சோலைகளுக்கும், எடுத்துச் செல்வதும் அதே அளவு ஆபத்தானது.

இரண்டாவது, உழவருக்கு உடனடியாகப் பயன்படும் எளிய வழிகளுக்கு அரசாங்கம் பொருளும் ஆளும் அளித்தல் வேண்டும். நனைத்த சாக்கின் மேல் முட்டைக்கோசு அல்லது பப்பாளி இலைகளைப் பரப்பி மாலையில் வைத்தால் நத்தைகள் வந்து கூடும். அவற்றைக் கையுறை அணிந்த கையால் திரட்டி உப்பு நீரில் இட்டு அழிக்கலாம். குப்பைக் குவியல்களை அகற்றி, முட்டைகளைத் தோண்டி எடுக்கலாம். ஓர் ஊரார் ஒரே வாரத்தில் ஒன்று சேர்ந்து இதனைச் செய்தால் பயன் பெரிது. ஒருவர் மட்டும் செய்தால் அடுத்த தோட்டத்திலிருந்து அவை மீண்டும் வரும். இம்முறை அலுப்பூட்டுவது, புகழ் தராதது என்பது மெய்தான். ஆனால் அது தவறாகப் போனாலும் எந்த இனமும் அதனால் அழிவதில்லை. வேண்டாமென்று தோன்றினால் மறுநாளே நிறுத்தியும் விடலாம். விட்ட வேட்டை நத்தையைத் திரும்ப அழைத்தல் எவராலும் ஆகாது.

மூன்றாவது, நாற்றுகள், பூந்தொட்டிகள், மரக்கட்டைகள், மணல் ஆகியவற்றோடு நத்தைகள் மாவட்டம் விட்டு மாவட்டம் பயணம் செய்வதைத் தடுக்கும் சோதனை முறை வேண்டும். வந்த பின் போராடுவதைக் காட்டிலும் வராமற் காப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

நான்காவதும் தலையாயதும், நம் நில நத்தைகளை இனங்கண்டு வகைப்படுத்தும் ஆராய்ச்சிக்கு ஆதரவளித்தலாகும். இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனம் 1916-இல் தோன்றி நூறாண்டைக் கடந்துவிட்டது. அதன் சேகரிப்பில் நத்தை ஓடுகள் ஏராளமாக உள்ளன. அவற்றைக் கண்டு இன்ன இனம் என்று துணிந்து கூற வல்ல அறிஞர்களோ நாடு முழுவதிலும் மிகச் சிலரே. இளைஞர் இத்துறைக்கு வர அஞ்சுவது வேலைவாய்ப்பு இல்லாமையால். ஒவ்வொரு மலைத்தொடரிலும் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு நத்தையியலாரேனும் நிலையான பதவியில் இருத்தல் வேண்டும். சருகைச் சலித்து, அதனுள் உள்ள மில்லிமீட்டர் அளவு நத்தைகளைப் பொறுக்கி, கணக்கெடுத்து வைக்கும் பணிக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு சல்லடை, ஓர் உருப்பெருக்கி, பொறுமை ஆகிய மூன்றும் போதும். இருப்பதன் கணக்கு நம்மிடம் இல்லையெனில், இழந்ததன் கணக்கும் இராது. மூரியாவில் என்ன அழிந்தது என்பதை உலகம் அறிந்தது, கிராம்ப்டன் பல்லாண்டு முன்னரே அதனை எண்ணி எழுதி வைத்திருந்தமையால்தான்.

மீட்பும் அதன் விலையும்

மூரியாவின் கதை முற்றிலும் துயரமாக முடியவில்லை. அழிவு வருவதைக் கண்ட அறிஞர்கள் சில இனங்களின் நத்தைகளை முன்கூட்டியே எடுத்துச் சென்று, லண்டன் முதலிய நகரங்களின் மிருகக்காட்சிசாலைகளில் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்த்து வந்தனர். சில இனங்கள் அங்கும் பிழைக்கவில்லை. பார்ட்டுலா டர்ஜிடா என்னும் இனத்தின் கடைசி நத்தை 1996-இல் இறந்தது. எஞ்சியவை 2015 முதல் தீவுகளின் காடுகளுக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. அவற்றுள் பார்ட்டுலா டோஹிவியானா என்னும் இனம் காட்டிலேயே இனம் பெருக்கத் தொடங்கியமையால், 2024-இல் அது 'காட்டில் அற்றுப்போனது' என்னும் நிலையிலிருந்து ஒரு படி மீண்டதாக அறிவிக்கப்பட்டது. தாகித்தியில் பார்ட்டுலா ஹயலினா என்னும் வெண்ணிற ஓடுடைய இனம் தானாகவே தப்பியது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓட்டின் துணையால், வேட்டை நத்தை தாங்க முடியாத வெயிலுள்ள காட்டோரங்களில் அது வாழ்கின்றது என்பதை, நுண்ணிய ஒளியளக்கும் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தோர் 2021-இல் கண்டறிந்தனர்.

இவை மகிழ்ச்சி தரும் செய்திகள். ஆயினும் இம்மீட்புக்கு மூன்று கண்டங்களின் நிறுவனங்களும், ஒரு தலைமுறைக் காலமும், பெரும் பொருளும் தேவைப்பட்டன. 1977-இல் சில நத்தைகளைக் காட்டில் விடுவதற்கு முன், அங்குள்ள நத்தைகளை அறிந்த ஒருவரை அழைத்து அவர் கருத்தைக் கேட்டிருந்தால் இவ்வளவும் வேண்டியிராது. நம் நாட்டில் அடுத்த முறை இத்தகைய யோசனை அதிகாரிகளின் மேசைக்கு வரும்போது, அக்கேள்வியைக் கேட்பதற்கு ஒரு விதியும், அதற்கு விடையளிக்க ஓர் அறிஞரும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவ்விரண்டையும் இன்றே ஏற்படுத்திக்கொள்வது நம் கையில் உள்ளது.